உன் அண்ணனின் ஸ்கேன்

திருவானைக்காவல்,
ஜூலை 14.

அன்புத் தம்பி ஆஸ்டினுக்கு,

நீயும் கேத்தரினும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிடு.

உன் அண்ணனின் அடக்கம் முடிந்த மறுநாள் கனடாவிலிருந்து வந்து, மாலையை வைக்கக்கூடத் தோன்றாமல் கல்லறையில் நீ நின்றதை நான் மறக்கவில்லை. அம்மா சாவுக்கு நீ வரவில்லை என்று அவர் ஏசியதும், இரண்டு வருஷம் நீங்கள் பேசாததும் எனக்குத் தெரியும். யார் மேல் தப்பு என்று பேச வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சலாம் அண்ணன் வந்திருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் உன் அண்ணனோடு வேலை பார்த்தவர். தொண்ணூற்றெட்டு கிலோ. தை மாதம் ஸ்ரீரங்கத்தில் ஸ்கேன் எடுக்கப் பயந்து உன் அண்ணனைத் துணைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். "பயப்படாதீங்க, நானும் எடுத்துக்கிறேன்" என்று இவரும் எடுத்திருக்கிறார். சலாம் அண்ணனுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அறுபத்திரண்டு கிலோ இருந்த இவருக்குத்தான் இதயத்தைச் சுற்றிக் கொழுப்பு அப்பியிருந்ததாம். ரத்தக்குழாயிலும் அடைப்பு.

"எடையும் இடுப்பும் ஒண்ணா இருந்தாலும், எல்லா இனத்து ஆம்பளைங்களுக்கும் உள்ளே கொழுப்பு ஒரே மாதிரி சேர்றதில்லைங்க. வெள்ளைக்காரங்களைப் பார்த்துப் போட்ட அளவு நமக்கு அப்படியே பொருந்தாது. கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களையும் பார்க்கச் சொல்லுங்க" என்றாராம் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் யமுனா.

"தம்பிக்கு நானே சொல்லிக்கிறேன்" என்றாராம் உன் அண்ணன். சாயங்காலம் போனை எடுப்பார், வைத்துவிடுவார். யாருக்கு என்று நான் கேட்டதில்லை.

என்னிடமும் மறைத்துவிட்டார். விடிந்ததும் முதல் பூசைக்கு என்று கிளம்புவார். இந்த வயதில் பக்தி வந்ததே என்று நான் பூரித்துப்போனேன். காவிரிப் பாலத்தில் சலாம் அண்ணனோடு நடந்துகொண்டிருந்திருக்கிறார். அங்கேயேதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கு முந்தின வாரம் மாடியேறி மூச்சு வாங்கியபோது, "வாயுவா இருக்கும், ஓமத்தண்ணி குடிங்க" என்றவள் நான்தான் தம்பி. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

கேத்தரின் போனில் அழுதாள். உனக்கும் படியேறினால் நெஞ்சு அடைக்கிறதாமே? அங்கே செக்கப்பில் எடையும் இடுப்பும் சரி என்றார்கள், அது போதும் என்கிறாயாம். நெஞ்சு அடைப்பதை அந்த டாக்டரிடம் சொன்னாயா? உன் அண்ணனுக்கும் எடை சரியாகத்தான் இருந்தது. அவர் சலாம் அண்ணனிடம் கொடுத்துவைத்திருந்த ரிப்போர்ட்டை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இந்த வாரமே டாக்டரிடம் காட்டு.

கோபத்தில் சொல்லாமல் விட்டார் என்று நினைக்காதே. எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமலே போய்விட்டார்.

அவருக்கு ஐம்பத்தொன்று. உனக்கு நாற்பத்தேழு. அவர் பார்க்காமல் போன வயதையெல்லாம் நீ பார்க்க வேண்டும். தலை முழுக்க நரைத்து, கேத்தரினோடு நீ இந்த வாசலில் வந்து நிற்க ஆண்டவர் அருளட்டும்.

உன் அண்ணி,
அமலராணி