காய்ச்சல் வராத உடம்பு

மார்ச் 3

நீதிபதி இன்று தீர்ப்பை வாசிக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டார். நான் தட்டச்சு செய்து கொடுத்த தாள். ‘வாதி’ என்று இருக்க வேண்டிய பதினோரு இடத்திலும் ‘வியாதி’. “வியாதியின் கோரிக்கை நியாயமானது” என்று அவர் வாயாலேயே வாசித்துவிட்டார். வக்கீல்கள் சிரித்தார்கள். வழக்குப் போட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. பாவம், ஒன்பது வருஷ வழக்கு.

விரல்கள் வீங்கிக் கிடக்கின்றன. ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழுகிறது. இன்னொரு தடவை நடந்தால் பழைய கோப்பறைக்கு மாற்றம் என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் தட்டிய கை.

மார்ச் 5

மாத்திரை போதவில்லை, இனி வாரம் ஓர் ஊசி என்றார் முடக்குவாத டாக்டரம்மா. உடம்பின் செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்புமாம். அதில் ஒன்று இன்டர்லூகின்-6. அது போய் உட்காருகிற இடத்துக்கு ஏற்பி என்று பெயர். உட்கார்ந்தால் வீக்கம், வலி, காய்ச்சல் எல்லாம் கிளம்பும். எனக்கு அந்தத் தகவல் ஓயாமல் போகிறது. ஊசி, ஏற்பியை அடைத்துவிடும்.

“ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. இனிமே நிஜமாவே கிருமி வந்தாலும் உங்களுக்குக் காய்ச்சல் காட்டாம போகலாம். ரத்தப் பரிசோதனையிலயும் தெரியாது. உடம்பு சரியில்லன்னு தோணினா உடனே வாங்க.”

வீட்டில் இவரிடம் அப்படியே சொன்னேன். பேப்பரிலிருந்து தலை எடுக்காமல் கேட்டார்.

மார்ச் 7

எனக்கு இனிமேல் காய்ச்சலே வராது என்று இவர் மாடிப்படி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். மூன்றாம் மாடி அம்மா வந்து அந்த ஊசியைத் தன் பேரனுக்கும் போட முடியுமா என்று கேட்டுப் போனாள்.

ஏப்ரல் 9

காலையில் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறந்தேன். நானே. பிறகு வீட்டிலிருந்த எல்லா மூடியையும் திறந்து திறந்து மூடினேன். இவர் பார்த்துவிட்டு, “என்ன தேடற?” என்றார்.

ஏப்ரல் 22

நாற்பது பக்கம். ஒரு பிழை இல்லை.

மே 6

இரண்டு நாளாக இருமல். மூச்சு இழுத்தால் வலப்பக்க விலா குத்துகிறது. நாத்தனார் வந்திருக்கிறாள். அவளுக்குச் சளி, தொண்ணூற்றொன்பது டிகிரி. அவளுக்குக் கஷாயம், போர்வை, தம்பியான இவர் பக்கத்தில் உட்கார்ந்து விசாரிப்பு. எனக்குத் தொண்ணூற்றெட்டு. அதனால் சமையல் நான்.

மே 8

எங்கள் கண்காணிப்பாளருக்கு ‘நூறு’ என்று பெயர். நூறு டிகிரி காட்டினால்தான் காய்ச்சல் விடுப்பு. இன்று லீவு கேட்டு நின்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான். நெற்றியில் கருவியை நீட்டினார். தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது.

“இந்த ஆபீஸ்லயே ஆரோக்கியமான ஆள் நீங்கதாம்மா.”

மருந்தைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். “காய்ச்சல் இல்லாத காய்ச்சலுக்கு ஃபாரம் இல்லையேம்மா” என்றார். மாலை வரை தட்டினேன். திரையில் வரிகள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன.

மே 9

இவர் சமாதானத்துக்காகப் பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தோம். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. துளிகூட ஏறவில்லை. லேப்காரர் வாழ்த்துச் சொன்னார். இவர் அந்தத் தாளை நாத்தனாரிடம் காட்டினார், பிள்ளை மார்க் வாங்கின மாதிரி.

“டாக்டர் சொன்னாங்களே” என்றேன்.

“ஆமா, காய்ச்சல் வராதுன்னாங்க. வரலையே.”

நான்தான் நடிக்கிறேனோ? கண்ணாடி முன்னால் நின்று இருமிப் பார்த்தேன். இல்லை. நடிப்புன்னா எங்கயாவது நிறுத்தியிருப்பேன்ல — நிக்கவே மாட்டேங்குது. இவங்க யாரும் நம்ப வேணாம். நான் கிளம்பறேன்.

மே 11 — மருத்துவமனை

நேற்றுக் காலை பஸ் ஏறித் தனியாக வந்தேன். டாக்டரம்மா முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்ததுமே முகம் மாறியது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளை. நிமோனியா. இரண்டு நாள் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். சலைன் வேகத்தைச் சரிபார்த்தார்.

இன்டர்லூகின் ரத்தத்தில் குவிந்து கிடக்கிறதாம். “அது கத்திட்டேதாங்க இருக்கு. வாங்கிக்க இடமில்ல.”

மே 12

காலை முறை நர்ஸ் வந்தாள். அட்டவணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “காய்ச்சலே இல்லையே, கட்டில் வேற ஆளுக்கு வேணும்” என்று என் செருப்பை எடுத்து வைத்தாள். டாக்டரம்மா வந்து செருப்பை மறுபடி கட்டிலடியில் தள்ளினார். தலைமாட்டில் ஓர் அட்டை மாட்டினார்: ‘இவருடைய வெப்பநிலையை நம்ப வேண்டாம்.’

இவர் வந்து அந்த அட்டையை இரண்டு தடவை வாசித்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். “நீ சொன்னியே” என்றார். “அன்னிக்கே சொன்னியே.”

மே 15

நூறு பார்க்க வந்தார், பிஸ்கட்டோடும் விடுப்பு ஃபாரத்தோடும். சங்கடத்தோடுதான் கேட்டார். “வெப்பநிலைன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. அதுல என்ன போடறது?”

“என்னைக் கேட்டுப் போடுங்க சார்.”

யோசித்தார். ‘கேட்டேன். உடம்பு சரியில்லை என்றார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டத்துக்கு வெளியே வழிந்தது.

ஜூன் 2

வீடு. கிருமி போகும்வரை ஊசியை நிறுத்தியிருந்தார்கள். விரல்கள் மறுபடி வீங்குகின்றன. ஊசியை ஆரம்பிக்கலாமா, முடிவு உங்களுடையது என்கிறார் டாக்டரம்மா. நாத்தனார் வேண்டாம் என்கிறாள். எனக்கு விரல் வேண்டும். ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 14

இன்று வேலைக்குப் போகவில்லை. இருமல் இல்லை, குத்தல் இல்லை, வெறும் அசதி. “முடியலைங்க” என்றேன் இவரிடம். “சரி, படுத்துக்கோ” என்றார். அவரே ஆபீசுக்குப் போன் பண்ணினார். மத்தியானம் வரை தூங்கினேன்.