என் பெயரில் உன் நெஞ்சு

செம்மங்குப்பம்
14.6.2010

அன்புள்ள மச்சான் தேவநாதனுக்கு,

போனில் நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது, அதனால் எழுதுகிறேன். நீ இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ஆறு மாசம் ஆகிறது. சிதம்பரம் என்ன சீமையா?

சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம் ஆடாமல் படுக்கவைத்து, மெஷினுக்குள் தள்ளினார்கள். கேன்சர் இருக்கும் இடம் பளிச்சென்று தெரியுமாம். எனக்கு வலது பக்கம் தெரிந்தது. உன் அக்கா விருத்தாம்பாள், நான் கல் அரைக்கிற மாவு மில்லில் 2008இல் எடுத்த எக்ஸ்ரே படத்தையும் பையில் வைத்துவிட்டாள். அதைப் பார்த்த டாக்டர், "ரெண்டு வருஷம் முன்ன சுத்தமா இருந்திருக்கு. இவ்ளோ வேகமா வளந்தா கேன்சர்தான்" என்கிறார். வலது நுரையீரலில் பாதியை எடுக்க வேண்டுமாம். 28ஆம் தேதி ஆபரேஷன்.

அந்தப் படத்தைப் பற்றி நான் டாக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. உன் வாத்தியார் வேலைக்குக் கெட்ட பேர் வந்துவிடும்.

உன் மாமா
பொன்னுரங்கம்

சிதம்பரம்
17.6.2010

அன்புள்ள மாமாவுக்கு,

அந்தப் படத்தில் இருப்பது என் நெஞ்சு. நெஞ்சில் தூசு இருந்தால் மில்லில் நிறுத்திவிடுவார்கள் என்று, வருஷா வருஷம் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு எக்ஸ்ரே மெஷின் முன்னால் நின்றேன். எல்லாரும் செய்வதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். உண்மை அதில்லை. உங்கள் வேலை போனால் என் பி.எட். படிப்பு நின்றுவிடும். அதற்காகத்தான் நின்றேன். உங்கள் இருமலைக் கேட்க முடியாமல்தான் ஆறு மாசமாக வரவில்லை.

என் படத்தை நம்பி உங்களை அறுக்க விடமாட்டேன். நாளைக்கே சென்னை போய் டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன். என்னைத் திட்டி ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள்
தேவநாதன்

செம்மங்குப்பம்
5.7.2010

மச்சான்,

நீ சொன்ன பிறகுதான் டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. தூசு இறுகிப்போன இடமும் அந்த ஸ்கேனில் கேன்சர் மாதிரியே தெரியுமாம். ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர் இல்லை, கல்தூசுதான். ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார். உன் அக்கா தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

டாக்டர் தனியாகச் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. தூசுக்கு மருந்து கிடையாதாம். நீ எனக்காக நின்ற முதல் வருஷமே மில்லை விட்டிருந்தால் இன்றைக்கு இவ்வளவு மோசமாகியிருக்காதாம்.

திட்டச் சொன்னாய். திட்ட மூச்சில்லை. உன்னை நிற்கச் சொன்னவனே நான்தான். கோபமே இல்லை என்று எழுதினால் பொய், கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் வா.

படத்தை டாக்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் பெயரை அடித்து உன் பெயரை எழுதி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நல்ல நெஞ்சு, மச்சான். வந்து வாங்கிக்கொண்டு போ.

பொன்னுரங்கம்