நெவிலின் புட்டிங் பாத்திரம்

அக்டோபர் 7, ஞாயிறு

சரியாக நான்கு மணிக்கு நெவில் வந்தான். கையில் அந்தப் பாத்திரம், மேலே துண்டு. துண்டுக்குக் கீழே என்ன என்று கேட்கும் அவசியம் நாற்பத்து நான்கு வருடங்களாக ஏற்பட்டதில்லை. ரைஸ் புட்டிங்.

பாலில் அரிசியும் சர்க்கரையும் போட்டு, ஓவனில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டியதுதான். கெடுப்பதற்கு இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் நெவில் கெடுப்பான். அடியில் அரிசி வேகாது. நடுவில் கூழ். மேலே பழுப்பாக ஒரு தோல், பஸ் சீட்டுக்கு உறை தைக்கலாம். முப்பத்தொரு வருடம் இந்த யார்க்‌ஷயர் ஊரான பார்ன்ஸ்லியில் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன்.

"எப்படி மாப்ள?"

"பிரமாதம் மச்சான்."

"இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

"ஐயோ, வயிறு ரொம்பிருச்சு. இருக்கட்டும், நாளைக்கு வச்சுக்கிறேன்."

என் மனைவி பாலின் இருந்தவரை சிக்கல் இல்லை. அண்ணன் செய்ததாயிற்றே என்று என் பங்கையும் அவளே முடித்துவிடுவாள். அவள் போய்ப் பதினோரு மாதம். இப்போது முழுப் பங்கும் எனக்கு.

அக்டோபர் 8, திங்கள்

மிச்சத்தை வேறு கிண்ணத்தில் போட்டு வேலிக்கு அந்தப் பக்கம் கொடுத்தேன். அடுத்த வீட்டு ட்ரிஷ்ஷின் நாய் மேஜர் வாலை ஆட்டிக்கொண்டு தின்றது. தோலை மட்டும் விட்டுவிட்டது. ராணுவப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் எதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா.

அக்டோபர் 10, புதன்

ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்க வேண்டும்?

நாலு மணிக்குத் திரையை இழுத்துவிட வேண்டும். காலில் தடித்த உறை. மடியில் தட்டு. இரண்டு துண்டு டோஸ்ட், அதன் மேல் சூடாகப் பீன்ஸ், அதன் மேல் சீஸ் துருவல். பிறகு க்ரம்பெட், ஓட்டை ஓட்டையான அந்தத் தடித்த ரொட்டி. அதன் ஓட்டைகள் வழியாக வெண்ணெய் இறங்கி முழங்கை வரை ஒழுக வேண்டும், ஒழுகாவிட்டால் வெண்ணெய் போதவில்லை என்று அர்த்தம். கடைசியில் சாக்லெட் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, அது உடைந்து விழுவதற்கு ஒரு நொடி முன்பாக வாயில் போட வேண்டும். அது ஒரு வித்தை. அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து "எப்படி?" என்று கேட்கக் கூடாது.

சரி, அவனிடம் நேரே சொல்லிவிட வேண்டியதுதானே? எப்படிச் சொல்வது! இங்கே ஒருவன் என் காலை மிதித்தால் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். என்னைப் போய் "உன் புட்டிங் வாயில் வைக்க முடியவில்லை" என்று சொல்லச் சொன்னால்?

அக்டோபர் 14, ஞாயிறு

"மச்சான், நர்ஸ் எனக்குப் பாலே ஆகாதுன்னுட்டா."

நெவில் முகம் சுருங்கியது. "ஐயோ பாவமே" என்றான். யாருக்குப் பாவம் என்று சொல்லவில்லை. சொல்லி முடித்த கையோடு நான் பழக்கதோஷத்தில் தேநீரில் பாலை ஊற்றினேன். அவன் பார்த்தான். பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல வளர்ப்பு.

அக்டோபர் 21, ஞாயிறு

"ஓட்ஸ் பால்ல பண்ணிட்டேன் மாப்ள. மூணு கடை ஏறி இறங்கினேன். உனக்கில்லாமயா?"

பிரமாதம் என்றேன். கடவுள் என்னை மன்னிப்பாராக.

அக்டோபர் 28, ஞாயிறு

இன்று மானம் போனது.

வெளியூர் போய்விட்டதாகக் காட்டிக்கொள்வது என்று திட்டம். மூன்றே முக்காலுக்கு விளக்கை அணைத்தேன். சோபாவுக்குப் பின்னால் தரையில் குந்தினேன். அறுபத்தொன்பது வயதில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. நான்கு ஆனது. நாலரை ஆனது. வாசல் மணி அடிக்கவே இல்லை. வராமலே விட்டானா? ஐந்துக்கு எழுந்து, விளக்கைப் போட்டு, வெற்றிப் புன்னகையோடு பீன்ஸ் டப்பாவைத் திறந்தேன். மணி அடித்தது.

நேற்று இரவோடு குளிர்கால நேரம். நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருக்கிறது, என்னைத் தவிர. வருடா வருடம் அதைத் தள்ளி வைப்பது பாலின்.

"என்ன மாப்ள, முட்டியெல்லாம் தூசி?"

"சும்மா... பிரார்த்தனை."

"பாலின நெனச்சா?" என்று கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினான். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. இன்று இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 5, திங்கள்

நேற்றையதும் ஓட்ஸ் பால்தான். இன்று ஊரெல்லாம் வழக்கமான நவம்பர் ஐந்து வாணவேடிக்கை, மழையோடு. கிண்ணம் மாற்றச் சோம்பல். நெவிலின் பாத்திரத்தோடே வேலிக்கு மேலே நீட்டிவிட்டேன். கழுவி வை ட்ரிஷ், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

நவம்பர் 7, புதன்

செத்தேன்.

இங்கே சர்ச் விருந்துக்குப் பாத்திரம் கொண்டுபோகிற எல்லோரும் அடியில் பிளாஸ்திரி ஒட்டி அதில் பேர் எழுதிவைப்பார்கள். விருந்து முடிந்ததும் யாருடையது யாருக்கு என்று சண்டை வராது. இந்த ஊரில் இதைவிடப் பழைய சட்டம் கிடையாது. நான் அதை மறந்தேன். ட்ரிஷ் மறக்கவில்லை.

"நீங்க ஏன் அலையணும்னு நானே நெவில் வீட்ல குடுத்துட்டேன் டெரிக்! அடியில பேரு இருந்துச்சே. நன்றியும் சொல்லிட்டு வந்தேன். ஒரு வருஷமா இந்த மாதிரி புட்டிங்கத்தான் எங்க மேஜர் திங்குறான், இன்னிக்குத்தான் யாரு கைன்னு தெரிஞ்சுதுன்னேன். தோல் மட்டும் வேணாம்கிறான், கொஞ்சம் கொறச்சுக்கோங்கன்னும் சொன்னேன்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"'ரொம்ப சந்தோஷம்'னாரு. எவ்ளோ தங்கமான மனுஷன்!"

ரொம்ப சந்தோஷம். யார்க்‌ஷயர்க்காரன் ஒருவன் அப்படிச் சொன்னால் விஷயம் முடிந்தது. திட்டியிருந்தாலாவது பேச்சு மிச்சமிருக்கும்.

நவம்பர் 9, வெள்ளி

தபாலில் அட்டை. முன்பக்கம் ஒரு பூனைப் படம். "அன்புள்ள டெரிக், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வர இயலாமைக்கு வருந்துகிறேன். சிரமத்திற்கு மன்னிக்கவும். இப்படிக்கு, நெ. ஹார்க்ரீவ்ஸ்."

குடும்பப் பெயரோடு! நான் கட்டிய பெண்ணின் குடும்பப் பெயரை எனக்கே எழுதி அனுப்புகிறான்.

நவம்பர் 11, ஞாயிறு

விடுதலை. டோஸ்ட், பீன்ஸ், சீஸ். க்ரம்பெட் நான்கு. பிஸ்கட் கணக்கில்லை. வெண்ணெய் முழங்கைக்கு வந்தது.

நாலு நாற்பதுக்கெல்லாம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

நவம்பர் 18, ஞாயிறு

மறுபடி பீன்ஸ். ஏனோ போன வாரத்துப் பீன்ஸ் மாதிரி இல்லை. பிஸ்கட்டை முக்கினேன், சரியான நொடியில் எடுத்தேன். வாழ்நாளில் அப்படி ஒரு முக்கல் வாய்த்ததில்லை. "மச்சான், இங்க பாரு!" என்று நாற்காலிப் பக்கம் நீட்டினேன். நாற்காலி பார்க்கவில்லை. பிஸ்கட் உடைந்து தேநீரில் விழுந்தது.

வாரத்தில் என்னோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆளை ஒரு நாயை வைத்துத் துரத்தியிருக்கிறேன். எனக்கு அந்த ஆள் வேணும். அந்தப் பாழாப்போன தோலோட வந்தாலும் சரி, வேணும். எழுதியாச்சு. யாரிடம் சொல்லப்போகிறேன்?

நவம்பர் 25, ஞாயிறு

நான்கு மணிக்கு நெவில் வீட்டு மணியை அடித்தேன். கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான்.

கதவைத் திறந்தவன் வாயோரத்தில் தக்காளி சாஸ். உள்ளே டிவி முன்னால் தட்டு. வெள்ளை ரொட்டிக்கு நடுவே விரல் நீளத்தில் வறுத்த மீன் துண்டுகள், பக்கத்தில் வினிகரில் நனைத்த சிப்ஸ். திரை இழுத்துவிட்டிருந்தது. காலில் தடித்த உறை.

"நர்ஸ் உனக்கு உப்பக் கொறைக்கச் சொல்லலயா?" என்றேன். பேச்சை வேறு எங்கிருந்து ஆரம்பிப்பது?

"நீ பாலக் கொறச்ச மாதிரிதான்" என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். உண்மையாகவே, தடுமாறி. அவன் வாயோரத்துச் சாஸைத் துடைத்துக்கொண்டான்.

"மாப்ள, எனக்கு ரைஸ் புட்டிங்கே ஆகாது. பள்ளிக்கூடத்துல திணிச்சு திணிச்சு, பாத்தாலே குமட்டும்."

"பின்ன எதுக்கு..."

"எழுபத்துநாலுல மொத மொதலா எங்க வீட்டுக்கு வந்த. எங்கம்மா அன்னிக்கு வெளிய போயிருந்தா, நான்தான் பண்ணேன். பிரமாதம்னு ரெண்டாந்தடவ வாங்கின. மாப்ளைக்குப் பிடிச்சதுன்னு அன்னிலேருந்து பண்றேன். நீ சொன்ன ஒரு பொய்க்கு நாப்பத்துநாலு வருஷம் பால் காய்ச்சிருக்கேன்யா!"

"பொண்ணு கேக்க வந்த எடத்துல நல்லா இல்லேன்னா சொல்லுவாங்க?"

"நீ சொன்னது பொய்னு பாலினுக்குத் தெரியுமா?"

யோசித்தேன். இரண்டு பேர் பங்கையும் முகம் மாறாமல் தின்றவள். அவளுக்காவது பிடித்திருந்ததா? அதையும் நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவன் டிவி சத்தத்தைக் குறைத்தான்.

"தூக்கி நாய்க்குப் போடறது சுலபம்" என்றான் பிறகு. "நீ ஒரு தடவ பண்ணிப் பாரு. அப்பத் தெரியும் அந்தத் தோலோட அருமை."

தட்டில் ஒரு மீன் துண்டு மிஞ்சியிருந்தது. நீ எடு என்றான். ஐயோ நீ எடு என்றேன். நான் கிளம்பும்போது அது அங்கேயே ஆறிக் கிடந்தது. அடுத்த ஞாயிறு வருவானா என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

டிசம்பர் 2, ஞாயிறு

நான்கு மணி. மணி அடித்தது.

அதே பாத்திரம், அதே துண்டு. உள்ளே, மாவில் ஜாம் தடவிச் சுருட்டிய ரோலி போலி. வெளியே கல், உள்ளே பச்சை மாவு.

"எப்படி மாப்ள?"

மூச்சை இழுத்துக்கொண்டேன். "கேவலம் மச்சான்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு அவன் சிரித்தான் பாருங்கள், இருமல் வந்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. பிறகு நான் பீன்ஸ் டப்பா திறந்தேன். அவன் டோஸ்ட்டைக் கருக்கினான். ஆறு மணிவரை இருந்தான்.

போகும்போது பாத்திரத்தை மறந்துவிட்டுப் போய்விட்டான். இனி அதைத் தூக்கிக்கொண்டு நான் நடக்க வேண்டுமே என்று திட்டிக்கொண்டே கழுவினேன். கவிழ்த்து வைக்கும்போதுதான் பார்த்தேன். அடியில் பழைய பிளாஸ்திரி இல்லை. புதிது ஒட்டியிருந்தது. கோணல் மாணலாக: டெரிக்.

டிசம்பர் 3, திங்கள்

கடைக்கு. பால் இரண்டு பைன்ட், அரிசி, ஜாதிக்காய். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இரண்டு தடவை வைப்பேன். என்ன சொல்கிறான் பார்க்கலாம்.