பட்டன் வெளிப்பக்கம்

ஏப்ரல் 4

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். பதினோரு வருஷம் கழித்து நான்தான் முதலில் எழுதுகிறேன், அதை மறந்துவிடாதே.

மூன்று மாதமாக அப்பா என் வீட்டில் இருக்கிறார். இதயம் சோர்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். வேளை தவறாமல் மாத்திரை, நடக்கத் தடி. நாள் முழுக்க உன் பேச்சுதான். "அவ எக்ஸ்ரே எடுக்கிற ஆஸ்பத்திரிக்கே என்னைக் கூட்டிட்டுப் போ, அப்பவாவது பார்க்கிறேன்" என்று அடம்பிடிக்கிறார்.

கிளம்பி வா. ரயிலில் வந்தால் மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு நாள் பயணம்தான். டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன். தனியாக வா. வீட்டில் இரண்டு பேர் தங்க இடமில்லை. உனக்கே புரியும்.

அண்ணன்

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணா,

'வாலு' என்று பார்த்ததும் அழுதுவிட்டேன். கடைசி வரிக்கு வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

நன்றாகவே புரிந்தது. ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கிற காண்டிராக்டர் நீ. உன் வீட்டுக்கு நீ பிளான் போட்டபோது பென்சில் சீவிக் கொடுத்தவள் நான். ஆறு அறை அண்ணா! அதில் ஒரு ஆளுக்குத்தான் இடமாம்! உன் கல்யாணக் கோட்டுக்கு அளவெடுக்க வந்த டெய்லரை நான் கட்டிக்கொண்டது உனக்கு இன்னும் தொண்டையில் சிக்கிய முள். அதை நேராக எழுதுவதற்கென்ன?

கடிதத்தை இவரிடம் காட்டினேன். "நீ போய் மாமாவைப் பார்த்துட்டு வாம்மா, நான் கடையைப் பார்த்துக்கறேன்" என்றார். கோபமே வராத மனுஷன். அவருக்கும் சேர்த்து நானே கோபப்பட வேண்டியிருக்கிறது.

நாங்கள் இருவரும் வருகிறோம். துணி ஏற்றும் வேனில், மலை வழியாக. இடம் இல்லையே என்ற கவலை உனக்கு வேண்டாம், வீட்டைக் கையோடு கொண்டுவருகிறோம். இவர் கூடாரம் தைக்கிறார்.

உன் வாலு

ஏப்ரல் 20

தங்கைக்கு,

பைத்தியக்காரத்தனம் செய்யாதே. மலைப்பாதையில் எழுபது வளைவு. அந்த ஓட்டை வேன் ஏழாவது வளைவிலேயே படுத்துவிடும். கூடாரம் போட்டுத் தங்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அளவெடுக்க வந்தவன் வீட்டுப் பெண்ணையே எடுத்துக்கொண்டு போனான் என்று ஊர் சிரித்தது போதாதா?

அவன் வந்தால் என் கேட் திறக்காது. மிரட்டுகிறேன் என்று நினைத்தாலும் சரி.

அண்ணன்

மே 2, மலைமேல்

அன்புள்ள அண்ணா,

மிரட்டல் என்றேதான் நினைத்தேன். அதனால் நினைத்திருந்த தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே கிளம்பிவிட்டோம்.

வேன் ஏழாவது வளைவில் படுக்கவில்லை. இருபத்து மூன்றாவதில் கொதித்தது. ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றி, ஒரு மணி நேரம் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். "திரும்பிடலாமா?" என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் எழுந்துபோய் இன்னொரு வாளி தண்ணீர் மொண்டு வந்தார்.

கூடாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைத் தரையில் எங்கள் இருவரையும் படுக்கவைத்து, டேப் பிடித்துத் தோள், நீளம் எல்லாம் அளந்து தைத்தார். உடம்புக்குச் சட்டை மாதிரி சரியாக இரண்டு பேர் அளவு. இருபக்கமும் ஒன்றரை முழம் துணியை உள்ளே மடித்துவிட்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "துணியில எப்பவும் கொஞ்சம் விடணும்மா. ஆள் பெருத்தா பிரிச்சு விடலாம்ல" என்கிறார்.

வாசலுக்கு ஜிப் கிடையாது. பதினான்கு சட்டை பட்டன். நேற்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. நான் உள்ளே ஓடினேன். இவர் அவசர அவசரமாக வாசலை மூடி, ஒவ்வொரு பட்டனாகப் போட்டு முடித்துவிட்டு, மழையில் நின்றபடி கேட்டார்: "இப்ப நானும் உள்ள வந்துட்டா வெளியிலிருந்து பட்டன் யார் போடறது?" சட்டைக்கு வைக்கிற பழக்கத்தில் பட்டனை எல்லாம் வெளிப்பக்கமே வைத்திருக்கிறார் மனுஷன்! வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்த ஆளோடு வாழ்ந்ததற்காக ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை என்று உனக்கு எழுத வேண்டும்போல் இருந்தது, எழுதிவிட்டேன்.

ஆனால் பயமாகவும் இருக்கிறது அண்ணா. நீ சொன்னால் சொன்னதுதான். கேட் திறக்காவிட்டால் அப்பாவைப் பார்க்காமலே திரும்ப வேண்டியிருக்கும். அதற்காக இவரை மலையிலேயே விட்டுவிட்டு வரமாட்டேன்.

உன் வாலு

மே 5, காலை பத்து மணி

இதை உன் அண்ணியிடம் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவை உடனே அனுப்பி வை. அவருடைய பன்னிரண்டு மணி மாத்திரை இங்கே இருக்கிறது. தெருவே வேடிக்கை பார்க்கிறது.

மே 5, காலை பதினொன்று

அன்புள்ள அண்ணா,

அப்பாவை நாங்கள் தூக்கிக்கொண்டு வரவில்லை. நேற்று மாலை உன் கேட்டில் மூன்று முறை மணி அடித்தோம். நீ மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாய். சரி என்று எதிர் மைதானத்தில் கூடாரம் போட்டோம். காலையில் அப்பாவே தாழ்ப்பாளை நீக்கி, தடியை ஊன்றிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார். "மாப்பிள்ளை, இதுல எனக்கு இடம் இருக்கா?" என்று கேட்டார். இவர் உடனே கத்தரிக்கோலை எடுத்தார். இடப்பக்கத் தையலைப் பிரித்துத் துணியை இழுத்துக் கட்ட அரை மணி ஆனது. அப்பா குனிந்து உள்ளே போய்ப் படுத்தவர் என் கையை இன்னும் விடவில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

இப்போது வலப்பக்கத்தையும் பிரித்துக்கொண்டிருக்கிறார். அளவு நோட்டில் உன் பக்கம் இன்னும் இருக்கிறது, கல்யாணக் கோட்டுக்கு எடுத்த அளவு. "மச்சானுக்கு இடுப்புல இது பத்தாது" என்று, நேற்று மாடியில் உன்னைப் பார்த்ததை வைத்துக் கொஞ்சம் கூடவே விடுகிறார்.

உன் கேட்டை உள்ளே இருப்பவர்கள்தான் திறக்க வேண்டும். எங்கள் வாசலில் பட்டன் வெளிப்பக்கம். நீயே கழற்றிக்கொண்டு வரலாம், யாரையும் கேட்க வேண்டாம். குனிய மட்டும் வேண்டியிருக்கும்.

மாத்திரையைக் கொண்டு வா. பன்னிரண்டுக்குள் நீ வராவிட்டால் அதை வாங்க நாங்கள் இருவரும் வந்து மணி அடிப்போம். தெரு பார்க்கட்டும்.

உன் வாலு