மூக்கில்லாத கொக்கு

மார்ச் 3, செவ்வாய்

ஆறு வருஷமாக என் பழைய ஜப்பான் ஜாடியில் ஒரு கொக்கு இடப்பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதன் ஜோடி, வலப்பக்கம் பார்க்கிற கொக்கு வரைந்த ஜாடி, மருந்துக்கடை அம்மாவிடம் இருக்கிறதாம்! உடனே போன் செய்தேன். "விக்கிறதப் பத்தி அப்புறம் பேசலாம் சார். முதல்ல உங்களோடத கடைக்குக் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார். இருப்புக் கொள்ளவில்லை.

மார்ச் 4

என் ஜாடியில் வாயிலிருந்து கொக்கின் மூக்கு வரை விரிசல். வாங்கும்போதே இருந்தது. மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கியதைத்தானே நான் எப்போதும் வாங்குகிறேன்? ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. இப்போது மட்டும் ஏன்?

மார்ச் 6

பல் செட் செய்கிறவன் கை சும்மா இருக்குமா? பல்லுக்குப் பூசும் பசையில் நிறம் கலந்து விரிசலை அடைத்துவிட்டேன். "எங்கங்க இருந்துச்சு விரிசல்?" என்றாள் மனைவி. என் குறை ஒன்றையும் விட்டுவைக்காத அவளுக்கே தெரியவில்லை!

மார்ச் 7

மானம் போயிற்று. மருந்துக்கடை அம்மா கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கை ஜாடிமேல் பிடித்தார். விரிசல் நெடுக பளீரென்று ஒளிர்ந்தது. ஒளிராதா பின்னே? அசல் பல் அந்த வெளிச்சத்தில் ஒளிரும் என்பதால் பசையையும் அப்படியே செய்கிறார்கள். எனக்குத் தெரியாததா?

"என் ஜாடிக்கும் அடியில விரிசல்தான் சார். அது பரவால்ல. மறைச்சுட்டீங்களே. உங்கள நம்பி எப்படிக் குடுக்கறது?"

சொந்தக் காசில் சூனியம்.

மார்ச் 8

சோறு இறங்கவில்லை.

மார்ச் 11

பசையைச் சுரண்டினேன். அதோடு கொக்கின் தங்க மூக்கும் பெயர்ந்து வந்துவிட்டது. ஐயோ, என்னடா பண்ணி வெச்சிருக்க? அரை மணி நேரத்தில் திரும்ப வரைந்துவிடுவேன். கை அரிக்கிறது — வேண்டாம்.

மார்ச் 15, ஞாயிறு

அந்த அம்மாவின் வீட்டுக்கே ஜாடியோடு போனேன். மூக்கு போன கதையை நானே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். விளக்கை எடுக்கவில்லை. இரண்டு ஜாடிகளையும் மேசையில் வைத்தோம். கொக்குகள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன.

"என்னோடதயும் எடுத்துட்டுப் போங்க சார்" என்றார். பன்னிரண்டு நாளாக இதைக் கேட்கத்தான் தவித்தேன். ஆனால் சொல்லும்போது அவர் கை தன் ஜாடியை விடவில்லை.

"ஏங்க, வெறுங்கையோட வர்றீங்க? உங்க ஜாடி எங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஜோடியோட இருக்கு" என்றேன்.

மத்தியானம் படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன்.