‘அணுக்’ மறைந்ததால் நின்ற பாஸ்போர்ட்

அனுப்புநர்:
முனைவர் அ. நர்மதா,
இயற்பியல் உதவிப் பேராசிரியர்,
குன்னம், பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
பெரம்பலூர்.

பொருள்: என் மீதான கருக்கலைப்புப் புகாரை முடித்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பு அறிக்கையை அனுப்பி வைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவைச் சிரிக்காமல் எழுதப் பலமுறை முயன்றேன். இயலவில்லை, பொறுத்தருள்க.

1. நான் நியூட்ரான்கள் மிகுந்த அணுக்கருக்களை ஆராய்கிறேன். தாங்கும் அளவுக்கு மேல் நியூட்ரான்களைச் சேர்த்துக்கொண்ட கரு நிலைகொள்ளாது. கண்ணிமைப்பதற்குள் ஒன்றிரண்டை வெளியே விட்டுவிடும். அத்தகைய கருக்களை உருவாக்கி அளந்து பார்க்க ஜப்பானிலுள்ள ஆய்வகம் ஒன்று என்னை அழைத்துள்ளது. நாற்பத்து நான்கு வயதில் வந்த முதல் அழைப்பு. அன்று சாம்பாருக்கு இருமுறை உப்புப் போட்டேன்; வீட்டில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

2. என்னைவிட மகிழ்ந்தவர் என் கொழுந்தனார் அறிவழகன். பேருந்து நிறுத்தத்தில் பேனர் வைத்தார். ‘அணுக்கருச்சிதைவு ஆராய்ச்சிக்காக ஜப்பான் செல்லும் டாக்டர் நர்மதாவை வாழ்த்துகிறோம்’ என்பது வாசகம். படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னதில், என் தோள் ‘அணுக்’ என்பதை மறைத்துவிட்டது. மீதியை ஊரே படித்தது. அவரிடம் முறையிட்டதற்கு, “மொகம் நல்லா விழுந்திருக்குல்ல அண்ணி, விடுங்க” என்றார்.

3. விட முடியவில்லை. நான் வீட்டில் கருக்கலைப்பு செய்வதாகக் காவல் நிலையத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. சுகாதாரத் துறையினர் வந்து சோதித்து, மிக்சியும் இட்லிக் கொப்பரையும் தவிரக் கருவி எதுவுமில்லை என எழுதிக் கொடுத்தனர் (நகல் இணைப்பு). ஆயினும் புகார் முடிக்கப்படாததால் பாஸ்போர்ட் சரிபார்ப்பு நிற்கிறது.

4. பேனரைப் பார்த்து அமிர்தவல்லி என்ற பெண் வீட்டுக்கு வந்தார். “எனக்கு ரெண்டு தரம் நிக்கல டாக்டரம்மா. ஏன் நிக்கலன்னுதானே படிக்கிறீங்க?” என்றார். இவ்விவகாரத்தில் என் சிரிப்பு நின்ற ஒரே இடம் அது. நான் அந்த டாக்டர் இல்லை என்று விளக்கி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். திரும்பும் வழியெல்லாம், நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

5. ஜப்பான் ஆய்வகத்தில் எனக்கு ஒதுக்கிய நாள்கள் ஏப்ரலில் வருகின்றன. தவறினால் வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே புகாரை முடித்து அறிக்கையை விரைந்து அனுப்ப ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். நான் ஆராயும் கரு, தன்னிடம் நில்லாத நியூட்ரானை ஒரு நொடிகூடத் தடுத்து வைப்பதில்லை. பெரம்பலூர் மாவட்டமும் என்னை அவ்வாறே விட்டுவிட வேண்டும். வெளியேறிய நியூட்ரான் திரும்பாது. நான் திரும்பி வந்துவிடுவேன் என இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.

இடம்: குன்னம்
நாள்: 17.02.2025

நம்பிக்கையுடன்,
(அ. நர்மதா)