பெட்டிக்கு ஒரு குமிழ்

மார்ச் 3, திங்கள்
பேசும் பெட்டி வந்து இறங்கியது. மருமகள் தன் கையாலேயே செய்தது. மின்னணுச் சுற்று வடிவமைப்பதுதான் அவள் தொழில். மாத்திரையும் பெட்டிக்குள்ளேதான்; நேரத்துக்கு எடுக்காவிட்டால் மகனின் போனுக்குச் செய்தி போய்விடுமாம். போன மாதம் மாத்திரையை மறந்து படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். அதிலிருந்து மகன் ஒரே பிடி: பெட்டி சொல்கிறபடி மாத்திரை போட வேண்டும், இல்லையேல் வீட்டைப் பூட்டிவிட்டு அவர்களோடு போய்விட வேண்டும். சரி, பெட்டியே இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 4
"அம்மா, பிரஷர் மாத்திரை போடுங்க!" பெட்டிக்குள் பதிந்து வைத்த மகனின் குரல், மூன்று மாடிக்கும் கேட்கும்படி. கீழ்வீட்டுப் பல் மருத்துவர் படியில் என்னைப் பார்த்து, "மாத்திரை போட்டாச்சா மேடம்?" என்று இளிக்கிறார். என் இரத்த அழுத்தம் என்ன பொதுச் சொத்தா?
நான் படித்த கான்வென்டில் தலைமை சிஸ்டர் ஒரு பார்வையிலேயே வகுப்பை அடக்குவார். என் கணவர் இருந்தவரை இந்த வீட்டிலும் எங்கள் குரல் வாசற்கதவைத் தாண்டியதில்லை.

மார்ச் 5
சத்தத்தைக் குறைக்கிற குமிழ் எங்கே என்று போனில் கேட்டேன்.
"குமிழே வைக்கல அத்தை. அம்மாவுக்குக் காது மந்தம், முழுச் சத்தத்துல இருக்கட்டும்னு அவர்தான் சொன்னார்."
காது மந்தமா? எனக்கா! எதைச் சொன்னாலும் "ஆங்?" என்று கேட்பவன் அவன்.

மார்ச் 6
தலையணையை வைத்து அமுக்கினேன். அதற்குள்ளிருந்தும் கத்துகிறது, வெட்கங்கெட்டது.

மார்ச் 9, ஞாயிறு
மருமகள் கருவிப் பையோடு வந்து பெட்டியைத் திறந்தாள். "சிப்புல இருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போற வழியில இந்தக் குமிழ வைக்கிறேன் அத்தை. சத்தத்த அளந்து விடும்."
மகன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "அம்மா பெட்டியோட வாய ஒரேயடியா அடைச்சிருவாங்க, பாரு" என்றான். நான் காப்பி போட எழுந்துவிட்டேன். உட்கார்ந்திருந்தால் பொரிந்து தள்ளியிருப்பேன்.

மார்ச் 10
இது என்ன குமிழ்? மயிரிழை திருப்பினால் கூச்சல். மேலே எவ்வளவு திருப்பினாலும் ஏறக்குறைய அதே கூச்சல். அதற்கு முன்னால் ஊமை. நடுவில் மனிதக் குரலுக்கு இடமே கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மார்ச் 13
தூசி தட்டுகையில் துணி பட்டுக் குமிழ் அசைந்திருக்கிறது. பெட்டி ஊமையாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். மாத்திரை எடுக்கவில்லை என்று மகனுக்கு மட்டும் கோள் சொல்லியிருக்கிறது!
"காது கேக்கலன்னு ஒத்துக்கங்கம்மா. சனிக்கிழமை காரோட வர்றேன். துணிமணிய எடுத்து வைங்க."
பேசாத பெட்டி எப்படிடா கேக்கும்? யாருக்குத்தான் கேக்கும்? ஒரு புடவைகூட எடுத்து வைக்க மாட்டேன். போதும்.

மார்ச் 14
மருமகள் வேலையிலிருந்து நேரே வந்தாள். குமிழைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். முகம் சுருங்கிவிட்டது.
"தப்பு என்னோடது அத்தை. மேசையில கிடந்தத எடுத்து மாட்டிட்டேன். இது ஒரே சீரா ஏத்துற வகை. காது அப்படிக் கேக்காது, ஆரம்பத்துலயே மொத்தமும் வந்துட்ட மாதிரி இருக்கும். ஆடியோவுக்குன்னே வேற வகை இருக்கு."
"அத என்கிட்ட ஏன் சொல்ற? உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு."
என் எதிரிலேயே போன் போட்டுச் சொன்னாள். மறுமுனையில் "ஆங்?" என்றான்; மறுபடியும் சொன்னாள்.

மார்ச் 15, சனி
கார் வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு
புதுக் குமிழ் மாட்டி ஒரு வாரமாகிறது. இன்று மருமகள் வந்து அலுவலகக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நான் எழுந்து மாத்திரையை எடுத்தேன்.
"பெட்டி பேசிச்சா அத்தை? எனக்குக் கேக்கவே இல்லையே!"
"எனக்குக் கேட்டுது."
அவர்கள் வீட்டில் எனக்கென்று ஒழித்து வைத்திருந்த அறையில் தன் வேலை மேசையைப் போட்டுவிட்டாளாம். நல்ல வெளிச்சமாம்.